இசையில் முனைவர் பட்டம்: அமெரிக்காவா, இங்கிலாந்தா, ஹெல்சிங்கியா?

பங்குனி மாதத்து மாலை ஒன்றில், என்னிடம் மிருதங்கம் கற்ற பெண் மூன்று கடிதங்களை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். முதலாவது அமெரிக்காவிலிருந்து வந்தது: இனவிசையியலில், அதாவது இசையை அதை வாழ்விக்கும் மக்களோடு சேர்த்து ஆராயும் துறையில், பிஎச்.டி. இடம், கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, மாதாமாதம் உதவித்தொகை. இரண்டாவது இங்கிலாந்திலிருந்து: இடம் உண்டு, பணம் இல்லை. மூன்றாவது பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் உள்ள சிபெலியஸ் அகாடமி என்ற இசைக் கல்விக்கூடத்தின் கலைவழி முனைவர் பட்டம், அதாவது மேடையில் வாசிப்பதையே ஆய்வாகக் கொள்ளும் பட்டம்: கட்டணமே கிடையாது, ஆனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவளே வழி தேட வேண்டும்.

"சார், சித்திரை பிறந்த மறுநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்" என்றாள். ஏப்ரல் 15 அமெரிக்கக் கணக்கு. உதவித்தொகையோடு இடம் தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை, அந்தத் தேதி வரை மாணவரை முடிவு சொல்லும்படி நெருக்குவதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன. ஆகவே எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார் என்பதால், அவளிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவளுடைய ஆய்வுக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மிருதங்கத்தில் ஆசிரியர் வாயால் சொல்லும் 'தா', 'தோம்' போன்ற சொல்லும் மாணவரின் கையில் விழும் சொல்லும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே சொற்கட்டை தஞ்சாவூர் வழியில் வந்தவர் ஒரு விரலமைப்பிலும் புதுக்கோட்டை வழியில் வந்தவர் வேறொன்றிலும் வாசிப்பார்கள். வேகம் கூடும்போது அதே ஆளுக்கே விரல் மாறும். சொல்லிக்கொடுக்கும்போது இதை யாரும் விளக்குவதில்லை. பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த இடைவெளியை மாணவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்பதுதான் அவள் தேடுவது.

"இதற்கு நீ கண்டுபிடிக்கும் விடை எங்கே போய் நிற்க வேண்டும்? ஏட்டிலா, மேடையிலா?" என்று கேட்டேன். மூன்று கடிதங்களில் எதை எடுப்பது என்பது பெரும்பாலும் இதற்குச் சொல்லும் பதிலில் இருக்கிறது. நாட்டின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் புகழையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பட்டத்தின் பெயரைச் சரியாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் இசைக்கு இரண்டு வகை முனைவர் பட்டங்கள் உண்டு. பிஎச்.டி. என்பது ஆய்வுக்கு, இசைவரலாறு, இசைக்கோட்பாடு, இனவிசையியல் எல்லாம் இதில் வரும். டி.எம்.ஏ. (டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ்) என்பது வாசிப்பவருக்கும் நடத்துநருக்கும் இசையமைப்பவருக்கும். கச்சேரிகளும் அவற்றோடு ஒரு சிறிய எழுத்துப் படைப்பும் இருக்கும். டி.எம்.ஏ. என்ற பெயரைப் பார்த்து நம்முடைய வாத்தியக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அது பியானோ, வயலின், வாய்ப்பாட்டு என்று மேலைச் செவ்வியல் இசையைச் சுற்றிக் கட்டப்பட்டது. மிருதங்கத்தையோ வீணையையோ முதன்மை வாத்தியமாக வைத்து அதில் நுழைவது மிகவும் கடினம். நமக்கு அமெரிக்கா என்றால் நடைமுறையில் இனவிசையியல் பிஎச்.டி.தான்.

அந்த வழியில் நம்மவர்கள் எப்போதோ நடந்திருக்கிறார்கள். புல்லாங்குழல் மேதை டி. விஸ்வநாதன் 1958இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையோடு லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போனார். திரும்பி வந்து சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை வகித்தார். அதற்குப் பிறகும் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனையை ஆராய்ந்து 1975இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அண்ணன் ரங்கநாதன் 1963 முதலே அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற டேவிட் நெல்சன், கச்சேரியில் தாளவாத்தியக்காரர் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்து 1991இல் அங்கே பட்டம் பெற்றார். ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு மாணவராகப் போன தெராடா யோஷிடகா, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1992இல் எழுதிய ஆய்வேடு நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றியது. வெஸ்லியனில் முனைவர் ஆய்வு செய்த ஸோயி ஷெரினியன் பின்னாளில் பறையையும் அதை அடிப்பவர்களையும் பற்றி எழுதினார், படமும் எடுத்தார். நம்முடைய இசை அங்கே ஆய்வுக்குரியதுதானா என்று யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. முன்னால் போனவர்கள் அந்த வேலையை முடித்துவிட்டார்கள்.

அமெரிக்க முறையில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்புகள். மானுடவியல் கோட்பாடு படிக்க வேண்டும், ஜாவாத் தீவின் கமேலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டியும் வரலாம். பிறகு தகுதித் தேர்வு. அதைத் தாண்டினால் களப்பணி. என் மாணவிக்கு அது, ஒலிப்பதிவுக் கருவியோடு கும்பகோணத்துக்கே திரும்பி வருவதாக இருக்கும். அதன் பிறகு எழுத்து. கடிதத்தில் ஐந்து ஆண்டு என்று போட்டிருப்பார்கள்; ஆறு, ஏழு என்று நீள்வது சாதாரணம். இருபத்தாறு வயதில் போகிறவள் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றில் வெளியே வருவாள். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடச் சொன்னேன்.

ஆனால் அந்த நீளத்தில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. பழுக்காத கேள்வியோடு போனாலும் அது பழுக்க நேரம் தருகிறார்கள். இருபத்தாறு வயதில் யாருக்கு முழுதாகப் பழுத்த கேள்வி இருக்கும்? வகுப்பில் வேறொரு நாட்டு முழவைக் கற்கும்போது, வாயால் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அங்கேயும் இருப்பதைப் பார்த்து அவளுடைய கேள்வியே இரண்டு மடங்கு பெரிதாகலாம்.

பணத்தில் மூன்று விஷயங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உதவித்தொகை பன்னிரண்டு மாதத்துக்கா, ஒன்பது மாதத்துக்கா? ஒன்பது என்றால் கோடை வாடகை யார் கொடுப்பது? மருத்துவக் காப்பீடு அதற்குள் அடங்குமா? எத்தனை ஆண்டுக்கு உறுதி எழுத்தில் இருக்கிறது? உதவித்தொகைக்கு ஈடாகப் பெரும்பாலும் இளநிலை வகுப்புகளுக்குக் கற்பித்தல் உதவியாளராக வேலை செய்ய வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வாரம் இருபது மணி நேரம்தான் வேலைக்கு உச்சவரம்பு. திருமணமானவர் என்றால் துணைவர் அங்கே வேலை செய்ய முடியாது. படிப்பு முடிந்தபின் ஓராண்டு வேலைப் பயிற்சிக்கு அனுமதி உண்டு. பொறியியல், அறிவியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு ஆண்டுகள் இசைக்குப் பொதுவாகக் கிடையாது. 2025இல் சில பெரிய பல்கலைக்கழகங்கள் மானுடப் புலங்களில் முனைவர் சேர்க்கையைக் குறைத்தன, சில துறைகளில் நிறுத்தியும் வைத்தன. ஆகவே கையில் இருக்கும் உறுதிக் கடிதத்தை இப்போது லேசாக எண்ணக் கூடாது.

இங்கிலாந்து வழி வேறு. நான் போனது அந்த வழியில்தான். அங்கே பிஎச்.டி. என்றால் முதல் நாளிலிருந்தே ஆய்வு. கட்டாய வகுப்புகள் அநேகமாகக் கிடையாது. மூன்று ஆண்டு, மிஞ்சினால் நான்கு. கடைசியில் இரண்டு தேர்வாளர்கள் முன் உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு. சேரும்போதே ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தை வைத்துத்தான் மாணவரை எடைபோடுவார்கள். முதுகலையில் ஆய்வேடு எழுதி, கேள்வியை உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிளேட்டன் இந்தியத் தாளத்தைப் பற்றிச் செய்த ஆய்வுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு தெளிவான கேள்வியை எவ்வளவு ஆழமாகக் கொண்டுபோக முடியும் என்று. ஆனால் அங்கே இந்திய இசை ஆய்வு பெரும்பாலும் இந்துஸ்தானிப் பக்கம் சாய்ந்தது. கர்னாடக இசையை உள்ளிருந்து அறிந்த வழிகாட்டிகள் குறைவு.

நான் அரைப்பழமான கேள்வியோடு போனேன். இரண்டாம் ஆண்டு நடுவில் என் வழிகாட்டி வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டார். துறையில் எனக்கு ஒதுக்கப்பட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓப்பெரா படித்தவர். நல்ல மனிதர், என் ஏட்டை வரிவரியாகப் படித்தார், ஆனால் மோரா, கோர்வை என்ற இரண்டு தாள முடிப்புக் கணக்குகளுக்கும் என்ன வேறுபாடு என்று அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் ஏட்டில் இருந்த ஒரு பெரிய ஓட்டை அதனால் கடைசிவரை யார் கண்ணிலும் படவில்லை. மூன்று ஆண்டு முறையில் இப்படி ஒன்று நடந்தால் ஈடுகட்ட நேரம் இருக்காது. அதனால் இங்கிலாந்து போகிறவர்கள் இரண்டாம் வழிகாட்டி யார், முதலாமவர் போய்விட்டால் என்ன ஏற்பாடு என்று சேருவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பணம் அங்கே பெரிய மதில். வெளிநாட்டு மாணவருக்கு இசை பிஎச்.டி. கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டுகிறது. இதற்கு மேல் வாழ்க்கைச் செலவு. விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவ வரி வேறு. அரசு ஆய்வு மன்றங்களின் உதவித்தொகை 2021 முதல் வெளிநாட்டினருக்கும் திறந்துவிடப்பட்டது, ஆனால் மொத்த இடங்களில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு. போட்டி கடுமை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி: 2024 ஜனவரியிலிருந்து முதுகலை வகுப்பு மாணவர்களுக்குக் குடும்பத்தை அழைத்துவரும் உரிமை நிறுத்தப்பட்டாலும், பிஎச்.டி. மாணவர்களுக்கு அது தொடர்கிறது. துணைவர் வேலைக்கும் போகலாம். பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டு தங்கி வேலை தேடவும் முடியும். இத்தனை இருந்தும், நிலத்தை அடகு வைத்து இசை பிஎச்.டி.க்கு இங்கிலாந்து போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் இந்தத் துறையில் இல்லை.

ஹெல்சிங்கிக் கடிதத்தை அவள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மனம் அங்கேதான் இருந்தது. கலைவழி ஆய்வு என்ற முறை வட ஐரோப்பாவில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. சிபெலியஸ் அகாடமியில் கலைவழி முனைவர் மாணவர் வழக்கமாக ஐந்து வரையான பொது நிகழ்ச்சிகளை ஆய்வின் பகுதியாகவே நடத்துகிறார். தேர்வுக் குழு வந்து உட்கார்ந்து கேட்கிறது. அதோடு எழுத்துப் பகுதியும் உண்டு. நாட்டார் இசைக்கும் உலக இசைகளுக்கும் அங்கே தனி இடம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் இசைப் பல்கலைக்கழகம் 2009இல் இதே நோக்கத்தோடு தனி முனைவர் பள்ளியைத் தொடங்கியது. நார்வேயில் 2018 முதல் கலைவழி ஆய்வுக்கென்றே பிஎச்.டி. பட்டம் இருக்கிறது, அங்கே முனைவர் ஆய்வாளர் சம்பளம் வாங்கும் ஊழியர். இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வேலை விளம்பரம் போலத்தான் அறிவிப்பார்கள்.

பின்லாந்தில் முனைவர் படிப்புக்கு வெளிநாட்டினரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் கட்டணம் இல்லை என்பதும் பணம் தருகிறார்கள் என்பதும் வேறு வேறு. அங்கே பலர் அறக்கட்டளைகளின் நல்கையில் வாழ்கிறார்கள். கோனே அறக்கட்டளை ஆய்வாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் தருவது அப்படிப்பட்டதுதான். செப்டம்பரில் விண்ணப்பித்து, கிடைக்குமா என்று காத்திருக்க வேண்டும். கிடைக்காத ஆண்டில் என்ன செய்வது என்பதற்கு என் மாணவியிடம் பதில் இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டேன்: அந்த ஐந்து கச்சேரிகளில் உன் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப்போவது யார்? ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் நீ எடுத்த ஒரு துணிச்சலைத் துணிச்சல் என்று அடையாளம் காண ஒருவராவது அந்த வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளித் தேர்வாளராகச் சென்னையிலிருந்து ஒருவரை அழைக்க முடியுமா என்று அவள் எழுதிக் கேட்டாள். முடியும், பேசித் தீர்மானிக்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்கு நிறைவாக இருந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. ஆனாலும் அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலைவழி ஆய்வு அங்கே சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் இசைப் பள்ளிகளில் சாதாரணமாக நடக்கிறது. அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்ட உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் அடங்கும், வாழ்க்கைச் செலவுக்கும் பணம் வரும். மூன்றரை, நான்கு ஆண்டில் முடிகிறது. ஆய்வேடு வெளித் தேர்வாளர்களுக்குப் போகும். வாய்மொழித் தேர்வு இல்லாமலே தீர்ப்பு வருவது அங்கே நெடுநாள் வழக்கம். ஈழத்தமிழர்கள் நிறைந்த நகரங்கள் என்பதால் அரங்கேற்றமும் கச்சேரியும் ஆண்டு முழுக்க நடக்கின்றன. பக்கவாத்தியக்காரருக்குக் கை ஓயாது. என் கேள்வி கலைவழியில்தான் போகும் என்று உறுதியாக இருப்பவர், பணத்தையும் எண்ணினால், ஹெல்சிங்கிக்கு முன்னால் ஆஸ்திரேலியாவை முயல்வது நல்லது.

எந்த விளக்கக் கையேட்டிலும் இல்லாத ஒரு விஷயம் வாத்தியத்தின் உடம்பு. என் முதல் பனிக்காலத்தில் அறையின் வெப்பக் கருவி இரவெல்லாம் ஓடியது. காலையில் மிருதங்கத்தைத் தட்டினால் வலந்தலை, அதாவது வலது கைப் பக்கம், ஒரு சுருதிக்கு மேல் ஏறியிருந்தது. மூட்டு என்ற தோல் முகம் காய்ந்து, அதன் நடுவில் உள்ள கரணை என்ற கறுப்பு வட்டத்தின் ஓரம் பொரிந்து, நகம் பட்டாலே பொடி உதிர்ந்தது. இடது பக்கமான தொப்பியில் ஒட்டும் ரவை நிற்கவே இல்லை. ஈரத் துணியைச் சுற்றி, வெப்பக் கருவியை அணைத்து, கம்பளிக்குள் மிருதங்கத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். தை மாதத்துக்குள் மூட்டு போய்விட்டது. மாற்றித் தர அந்த ஊரில் ஆள் இல்லை. நான்கு மாதம் மேசையில் தட்டித்தான் சாதகம் செய்தேன். விரலில் அன்று போனது திரும்ப இரண்டு ஆண்டு ஆயிற்று. ஆகவே பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யும்போது, அறுபது எழுபது மைலுக்குள் நம் இசைக்காரர்கள் இருக்கிறார்களா, மிருதங்கத்தின் தோல் வாரை இழுத்துக் கட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா என்பதையும் கேளுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆய்வு முடிந்து திரும்பும்போது வாசிக்கும் கை போயிருந்தால், அந்தப் பட்டத்துக்கு நாம் கொடுத்த விலை மிக அதிகம்.

திரும்பி வருவதைப் பற்றியும் இப்போதே யோசிக்க வேண்டும். இந்தியாவில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் எப்போதாவது இடம்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. என்றால், ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட் தேவையில்லை. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தனித்த இசைப் பல்கலைக்கழகங்களும் சிறிய கல்லூரிகளும் இசையில் எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும் பொதுத் தரவரிசையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அங்கே படித்தவர் வந்து நெட் எழுத வேண்டியிருக்கும். அதே விதிகள் இசைக்கு வேறொரு வாசலையும் திறந்து வைத்திருக்கின்றன: குருவிடம் கற்று, இளங்கலைப் பட்டமும் அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் 'ஏ' தரநிலையும் பெற்ற கலைஞர், பிஎச்.டி. இல்லாமலே உதவிப் பேராசிரியர் ஆக முடியும். வேலைக்காக மட்டும் வெளிநாடு போகிறவர்கள் இந்த வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. பட்டியலினத்தவர் உள்ளிட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில், 2022 முதல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு பற்றிய ஆய்வுகளுக்கு இடமில்லை என்று விதி மாற்றினார்கள். பறையடிக்கும் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை படித்து மேலே வந்து, தன் தாத்தாவின் பறையைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய விரும்பினால் இந்தப் பணம் கிடைக்காது. வெளிநாட்டவர் வந்து அதே பறையை ஆராயலாம். அவர்களுக்கு அவர்கள் நாட்டுப் பணம் இருக்கிறது. இது அநியாயம். அப்படிப்பட்ட மாணவர்கள் தயங்காமல் முழு உதவித்தொகை தரும் அமெரிக்கத் துறைகளுக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவிலேயே பிஎச்.டி. பதிவு செய்துவிட்டு, ஃபுல்பிரைட்-நேரு உதவியில் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் ஆய்வு செய்துவிட்டு வரும் வழியும் இருக்கிறது.

மூன்றாவது வாரம் அவளுக்குத் தெளிவு வந்தது. அவள் கேள்விக்கு இருபது முப்பது ஆசிரியர்களின் வீட்டில் போய் உட்கார வேண்டும். அவர்கள் சொல்லிக்கொடுப்பதைப் பதிவு செய்து, வாயையும் கையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அது ஏட்டில் நிற்க வேண்டிய விடை. களப்பணிக்கு ஓராண்டு தரும் முறை அமெரிக்காவுடையது. இங்கிலாந்துக்கு அவள் கேள்வி இன்னும் காய். ஹெல்சிங்கிக்கு அவள் மேடை இன்னும் இளசு. முப்பத்தைந்து வயதில், இருபது ஆண்டு கச்சேரி அனுபவத்தோடு இதே பெண் வந்திருந்தால், கடன் இல்லாமல் முடியும் பட்சத்தில், ஹெல்சிங்கிக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன்.

புத்தாண்டு அன்று இரவு அமெரிக்காவுக்குச் சம்மதம் அனுப்பினாள். மற்ற இரண்டு இடங்களுக்கும் நன்றி சொல்லி அன்றே எழுதிவிட்டாள். அந்த இடங்களுக்குக் காத்திருப்புப் பட்டியலில் யாரோ இருப்பார்கள்.

ஆடி மாதம் அவளை மிருதங்கம் செய்பவரிடம் அழைத்துப்போனேன். இரண்டு மிருதங்கத்துக்கும் புது மூட்டு வேண்டும் என்று சொன்னோம். அவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டே, "அங்கே இது போனால் யாரம்மா மாற்றுவார்கள்?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு பழைய மிருதங்கத்தை எடுத்து அவள் முன் வைத்து, வாரைக் கழற்றச் சொன்னார். பதினைந்து நாள் காலையில் வா, போவதற்குள் கற்றுக்கொடுத்துவிடுகிறேன் என்றார். முதல் நாள் அவள் உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ஐந்தாம் நாளில் வலந்தலையை அவளே கட்டிவிட்டாள். சுருதி மட்டும் சேரவில்லை.